அறிவுக்கு ஒரு வகுப்பு, வயதுக்கு ஒரு வகுப்பு

ஜோகூர் பாருவை அடுத்த தம்போயில் விடியற்காலை நாலரை மணிக்கே மோட்டார் சைக்கிள்களின் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர், பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் அதைக் கடந்துவிட வேண்டும் என்று விரைவார்கள். அப்படித் தந்தை புறப்பட்டுப் போய்விட்ட ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மணி ஆறரை. தாய் தம் ஏழு வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பப் போராடிக் கொண்டிருக்கிறார்.

பாலர் பள்ளிக்குப் போன நாள்களில் அச்சிறுமி ஒருநாளும் அழுததில்லை. ஆண்டு ஒன்றில் சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஒருநாள் வயிற்றுவலி என்கிறாள். மறுநாள் தலைவலி என்கிறாள். கிளினிக்கில் பரிசோதித்துப் பார்த்தால் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மெல்ல விசாரித்தபோதுதான் காரணம் வெளிவந்தது.

“எனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அம்மா.”

அவள் நான்கு வயதில் தானாகவே நாளிதழ் படித்தவள். மளிகைக் கடை ரசீதுகளைப் பார்த்தே கூட்டலும் பெருக்கலும் கற்றுக்கொண்டவள். வகுப்பிலோ நூறு வரை எண்ணப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பத்துக் கணக்குகளை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தால், ஆசிரியை பாராட்டிவிட்டு அதே போன்ற கணக்குகள் இன்னும் இருபது தருகிறார். சீக்கிரம் முடித்தால் வேலை கூடும் என்பது ஒரே வாரத்தில் சிறுமிக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு அவள் வேண்டுமென்றே மெதுவாக எழுதினாள். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாத முடிவில் ஆசிரியை எழுதிய குறிப்பு: ‘கவனக் குறைவு.’

இச்சிறுமி ஒரு கற்பனைப் பாத்திரம். எனினும், இவளைப் போன்ற குழந்தைகளை எந்த ஊரிலும் காணலாம். இவர்களை மீத்திறன் குழந்தைகள் என்பர். நன்றாகப் படித்து நல்ல புள்ளிகள் பெறும் கெட்டிக்கார மாணவரும் மீத்திறன் மாணவரும் எப்போதும் ஒருவரே அல்லர். கெட்டிக்கார மாணவர் ஆசிரியர் கற்பிப்பதை விரைவாகப் பிடித்துக்கொள்வார். மீத்திறன் குழந்தையோ கற்பிக்கும் முன்பே ஏதோ ஒரு துறையில் வெகுதூரம் போய்விட்டிருக்கும். ஆனால், எல்லாத் துறைகளிலும் அப்படிப் போயிருக்காது. இதுவே இக்குழந்தைகளைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி. தம்போய்ச் சிறுமியின் கணிதத்திற்குப் பத்து வயது என்றால், அவளுடைய கையெழுத்துக்கு ஏழு வயதுதான். விளையாட்டில் தோற்றால் அவள் ஐந்து வயதுக் குழந்தையைப் போல் அழுவாள். ஒரே உடலுக்குள் மூன்று வயதுகள் என்றால், அவளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

இந்தக் கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்குப் போக மறுத்தான். அப்போது அவன் குடும்பத்தார் அவனைச் சென்னையில் ஒரு பள்ளியில் சேர்த்திருந்தனர். அவன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவரையே அவர்கள் நாட வேண்டியதாயிற்று. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகம் போற்றிய கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஒரு புடவைக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தார். வீட்டு வருமானத்திற்காகக் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போடுவதும் உண்டு. அந்த மாணவர்களிடம் ராமானுஜன் கணிதம் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சிறிது காலத்தில் அவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் தீர்ந்துபோனது. அவர்கள் கொடுத்த லோனியின் முக்கோணவியல் நூலையும் அவர் தாமாகவே கற்று முடித்தார். அது கல்லூரி மாணவர்கள் படிக்கும் நூல். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று.

அவர் பயின்ற டவுன் உயர்நிலைப்பள்ளி அவரை அடையாளம் கண்டது, மதித்தது. ஏறத்தாழ 1,200 மாணவர்களை 35 ஆசிரியர்களிடம் பிரித்து ஒப்படைக்கும் சிக்கலான பட்டியல் வேலையில் கணித ஆசிரியர் ராமானுஜனையே பயன்படுத்திக்கொண்டார். 1904இல் பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவருக்குக் கணிதப் பரிசை வழங்கியபோது, முழுப் புள்ளிகளுக்கும் மேலான புள்ளிகளுக்குத் தகுதியானவர் இவர் என்று பாராட்டினார். ஒரு பள்ளி தன் மாணவனைப் பற்றி இதைவிட உயர்வாக என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால், அடையாளம் காண்பது வேறு. ஆதரவு தருவது வேறு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராமானுஜனுக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது. அதற்கு முன்பே கார் என்பவர் தொகுத்த ஒரு தடித்த கணித நூல் அவர் கைக்கு வந்திருந்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன. அவற்றுக்குரிய நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே இருந்தன. ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்ப்பதில் ராமானுஜன் மூழ்கிப்போனார். கல்லூரியிலோ ஆங்கிலம், வரலாறு, உடலியல் என எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். கணித நோட்டுகள் நிரம்பின; மற்ற நோட்டுகள் வெறுமையாகவே கிடந்தன. ஆங்கிலத்தில் தேறவில்லை. உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரை நேரில் சென்று பார்த்தார். தம் மகனைப் போல் கணிதம் தெரிந்தவர் எவருமில்லை. அப்படியிருக்க உதவியை நிறுத்துவது எவ்வாறு தகும் என்று வாதாடினார். முதல்வர் மரியாதையாகவே பேசினார். ஆனால், விதி விதிதான் என்று கூறிவிட்டார். அந்த முதல்வரைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. எல்லாப் பாடங்களிலும் ஓரளவு வல்லவராக இருக்கும் பொது மாணவருக்காக வகுக்கப்பட்ட விதி அது. அந்த விதியை வகுத்தவர்கள் ராமானுஜனைப் போன்ற ஒருவரை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

1905இல் பதினேழு வயது ராமானுஜன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் புறப்பட்டுப் போனார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் இதே கதைதான். கணிதத்தில் சிறந்தார், உடலியல் முதலிய பாடங்களில் தோற்றார். பட்டம் இல்லை, அதனால் வேலையும் இல்லை. சில காலம் இராமச்சந்திர ராவ் என்னும் அதிகாரி மாதந்தோறும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து உதவினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. கல்லூரியை இழந்ததற்கும் இந்த வேலை கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. ராமானுஜன் வாழ்ந்ததே முப்பத்திரண்டு ஆண்டுகள்தாம். அவற்றுள் ஏழு என்பது சிறிய கணக்கன்று.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அந்தக் கடிதத்தின் புகழால் மறைந்துபோன மற்றொரு நிகழ்ச்சி அதே ஆண்டு சென்னையில் நடந்தது. எந்தச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் அவர் தோற்றாரோ, அதே பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. பட்டம் பெறாதவருக்கு அளிக்கப்பட்ட விதிவிலக்கு அது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை தம் ஆய்வைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உடலியலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. விதியை வளைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்தில் ஒருவர் அதைச் செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றபோது ஹார்டிக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. ராமானுஜன் சில துறைகளில் உலகின் சிறந்த கணித அறிஞர்களைத் தாண்டியிருந்தார். வேறு சில அடிப்படைப் பகுதிகளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து முறையாகக் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அவருடைய ஊக்கம் கெட்டுவிடும். எதையும் கற்பிக்காமல் விட்டாலோ அவர் தவறான முடிவுகளில் சிக்கிக்கொள்வார். ஆகவே, தேவைப்பட்டதை மட்டும், தேவைப்பட்ட இடத்தில், ஆய்வினூடே ஹார்டி கற்பித்தார். தாம் கற்பித்ததைவிடத் தாம் கற்றுக்கொண்டதே மிகுதி என்றும் அவர் கருதினார். இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தபோது ராமானுஜனுக்கு வயது இருபத்தாறு.

இதே உதவி ஏழு வயதிலேயே கிடைத்தால் எப்படியிருக்கும்? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1975இல் பிறந்தவர் டெரன்ஸ் டாவ். அவருடைய பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர்கள். தந்தை குழந்தை மருத்துவர்; தாயார் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். இரண்டு வயதில் டாவ் தம்மைவிட மூத்த குழந்தைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தார். மகனின் திறமையைக் கண்ட பெற்றோர் மூன்றரை வயதிலேயே அவரை ஒரு பள்ளியில் சேர்த்தனர். அது சரிப்படவில்லை. அறிவு முந்தியிருந்தாலும், ஒரு நாள் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பக்குவம் அந்தச் சிறு பிள்ளைக்கு வரவில்லை. சில வாரங்களிலேயே பெற்றோர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். தங்கள் முடிவு தவறு என்று தெரிந்ததும் கௌரவம் பார்க்காமல் பின்வாங்கினார்களே, அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

ஐந்து வயதில் டாவ் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு சாதாரண அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில் சிறப்புக் கருவிகளோ சிறப்பு வகுப்புகளோ இருந்ததால் பெற்றோர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் தலைமையாசிரியர் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்; கால அட்டவணையை மாற்றியமைக்கவும் இசைந்தார். டாவ் தம் வயதுப் பிள்ளைகளுடன் சில பாடங்களைக் கற்றார். வேறு பாடங்களுக்கு மேல் வகுப்புகளுக்குப் போனார். ஏழரை வயதில் கணிதத்திற்காக மட்டும் அருகிலிருந்த உயர்நிலைப்பள்ளிக்குச் சென்று வந்தார். அதன் பின்னரே மற்றப் பாடங்களுக்கு ஒவ்வொன்றாக அங்கு மாறினார். ஒன்பது வயதில் வாரத்தில் சில மணி நேரம் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றார். ஆயினும், பதினான்கு வயதுவரை முழுநேரப் பல்கலைக்கழக மாணவராக அவரை ஆக்கவில்லை.

அதற்கு முன்பே பட்டம் வாங்கியிருக்க அவரால் முடியும். உலகின் மிக இளைய பட்டதாரி என்று நாளிதழ்களில் படமும் வந்திருக்கும். அத்தகைய சாதனைப் பட்டத்தில் பயனில்லை என்று பெற்றோர் முடிவு செய்தனர். 1986, 1987, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட் போட்டியில் அவர் முறையே வெண்கலம், வெள்ளி, தங்கம் வென்றார். 2006இல் கணித உலகின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார்.

நம் நாடும் இத்துறையில் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறது. 1996 முதல் 2000 வரை ஆண்டு மூன்று மாணவர்களுக்கு முதல் நிலை மதிப்பீடு என்னும் தேர்வு நடைபெற்றது. பி.டி.எஸ். என்றால் பெற்றோர் தலைமுறையினர் பலருக்கு நினைவு வரும். அதில் சிறப்பாகத் தேறியவர்கள் ஆண்டு நான்கைத் தாண்டி நேரே ஆண்டு ஐந்துக்குப் போகலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால், அது பிள்ளையின் ஒரு பாடத்தை மட்டும் உயர்த்தவில்லை. பிள்ளையையே தூக்கி அடுத்த படியில் வைத்தது. கணிதத்தில் முந்தியவர் கட்டுரை எழுதுவதிலும் நட்பிலும் விளையாட்டிலும் ஓராண்டைத் தாண்டியாக வேண்டியிருந்தது. தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் டியூஷன் வகுப்பும் பின்னாலேயே வந்துவிடும் அல்லவா? ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தேர்வுக்கென்றே பழக்கினார்கள். 2001இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பின்னர், 2009இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் பெர்மாத்தா பிந்தார் திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தின் வழி சோதனை நடத்தி மீத்திறன் மாணவர்களைத் தேடியது. பள்ளி விடுமுறையில் முகாம் நடத்தியது. பின்னாளில் பாங்கியிலுள்ள வளாகத்தில் விடுதியுடன் கூடிய கல்லூரியும் உருவானது. இன்று ஜீனியஸ் பிந்தார் நெகாரா என்னும் பெயரில் இயங்கும் அம்மையம், தன்னைப் போன்ற நண்பர்களைத் தேடும் பதின்ம வயதினருக்குப் பெரிய வாய்ப்பு. ஆனால், ஏழு வயதுக் குழந்தையை விடுதிக்கு அனுப்ப முடியுமா? தம்போயிலிருந்து பாங்கி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த வயது வரும்வரை அவளுக்கு வேண்டியது தெருமுனையிலிருக்கும் தன் சொந்தப் பள்ளியிலேயே கிடைத்தாக வேண்டும்.

அது எப்படிக் கிடைக்கும்? மீண்டும் தம்போய்த் தாயிடம் வருவோம். ‘என் மகள் மேதை, நீங்கள் கற்பிப்பது அவளுக்குப் போதவில்லை’ என்று அவர் பள்ளியில் சென்று பேசினால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியைக்கு அது குற்றச்சாட்டாகவே தோன்றும். தங்கள் பிள்ளையை மேதை என்று சொல்லும் பெற்றோர் பலரை அவரும் பார்த்திருப்பார். அதற்குப் பதிலாகத் தாய் ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதுகிறார். மகள் என்ன படித்தாள், என்ன கேள்வி கேட்டாள், எந்தக் கணக்கை எப்படிச் செய்தாள், எப்போது அழுதாள் என எல்லாவற்றையும் நாளிட்டு எழுதுகிறார். மகள் தானாகப் போட்ட கணக்குத் தாள்களையும் சேர்த்து வைக்கிறார். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியையைப் பார்க்கிறார்.

“டீச்சர், இவள் காலையில் பள்ளிக்கு வர அழுகிறாள். ஏன் என்று கண்டுபிடிக்க நீங்கள்தான் உதவ வேண்டும்.”

நோட்டைப் புரட்டிய ஆசிரியை, மறுநாள் ஆண்டு மூன்று, ஆண்டு நான்கு கணிதப் பயிற்சிகள் சிலவற்றைச் சிறுமியிடம் கொடுத்துப் பார்க்கிறார். ‘கவனக் குறைவு’ என்று தாம் எழுதியதன் பொருள் அவருக்கே அப்போது மாறித் தெரிகிறது. அவர் தலைமையாசிரியரிடம் பேசுகிறார். தேவைப்பட்டால் உளவியல் வல்லுநரின் சோதனைக்கும் வழிகாட்டலாம். ஆனால், அதன் முடிவு வரும்வரை கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டு ஒன்றின் கணிதப் பாடமும் ஆண்டு நான்கின் கணிதப் பாடமும் ஒரே நேரத்தில் வருமாறு அட்டவணையை மாற்றினால் போதும். பணச் செலவு எதுவுமில்லை. மனம் மட்டும் வேண்டும்.

முதல் நாள் ஆண்டு நான்கு வகுப்பில் அவளுடைய கால்கள் தரையைத் தொடவில்லை. மேசை மார்பளவு உயரம். விடைகளை எழுத அவளுக்கு நேரம் பிடிக்கிறது. ஆகவே, சிலவற்றை வாய்மொழியாகச் சொல்ல ஆசிரியர் அனுமதிக்கிறார். இரண்டாம் வாரத்தில் பின்னக் கணக்கு ஒன்று வருகிறது. அவள் சொன்ன விடை தவறு. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கணக்கு அவளுக்கு வரவில்லை. கண்களில் நீர் முட்டுகிறது. ஆண்டு ஒன்றிலேயே இருந்திருந்தால் இந்த அனுபவத்துக்கு அவள் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும். எதற்கும் முயலாமலே முதல் மாணவியாக வளரும் பிள்ளை, பதினைந்து வயதில் முதல் தோல்வியைச் சந்திக்கும்போது நிலைகுலைந்து போவதுண்டு. பக்கத்தில் அமர்ந்திருக்கும் பத்து வயது மாணவன் தன் அழிப்பானை அவள் பக்கம் தள்ளிவைக்கிறான். அவள் அழித்துவிட்டு மறுபடியும் போடுகிறாள்.

ஆண்டு இறுதியில் தாயும் ஆசிரியர்களும் கூடிப் பேச வேண்டும். இந்த ஏற்பாடு தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இதே வேகத்தில் போனால் ஆண்டு நான்கை எட்டும்போது தொடக்கப்பள்ளிக் கணிதம் முழுவதும் அவளுக்கு முடிந்துவிடும். அப்போது அருகிலிருக்கும் இடைநிலைப்பள்ளியில் ஓர் ஆசிரியரைத் தேட வேண்டியிருக்கும். அவர் கிடைப்பாரா, அட்டவணை ஒத்துவருமா என்பதெல்லாம் அப்போது தெரியும்.

இப்போதைக்கு மணி அடிக்கிறது. ஆண்டு நான்கு வகுப்பிலிருந்து இறங்கி ஓடும் அவளுக்காகத் தோழிகள் சிற்றுண்டிச்சாலைக்கு அருகில் வட்டமாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். பத்து செரெம்பான் விளையாட்டு. கல்லை மேலே வீசி, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதற்குள் பிடிக்க வேண்டும். அதில் அவள் பெரும்பாலும் தோற்றுவிடுகிறாள்.